ரேடியோ இல்லாத வருஷம்

ப்ளக்கைப் பிடுங்கியது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால் சொல்ல வராது.

தங்காக் டவுனில் துணிக்கடை வரிசைக்குப் பின்னால், இரண்டாவது சந்தில் என் தங்கையின் வீடு. கேட்டருகே நின்றாலே தையல் மெஷின் தெரியும். ரவிக்கை தைத்துக் கொடுப்பது அவள் தொழில். கடைகளில் சேலை எடுக்கிறவர்கள் அப்படியே நடந்து வந்து அவளிடம் அளவு கொடுத்துவிட்டுப் போவார்கள். சமையலறையில், ஐஸ்பெட்டியின் தலைமேல் ஒரு ரேடியோ. காலை ஆறு மணிக்கு வாயைத் திறந்தால் அவள் கடைசிப் பாத்திரத்தைக் கவிழ்க்கும் வரைக்கும் மூடாது. சாமிப் பாட்டு, செய்தி, சாலை நெரிசல், பிறந்தநாள் வாழ்த்து, நேயர் விருப்பம், மறுபடியும் செய்தி. மெஷினும் ரேடியோவும் சேர்ந்து எழுப்புவதுதான் அந்த வீட்டின் சத்தம். மச்சான், அதாவது அவள் கணவர், வீட்டில் இருக்கும் நாட்களில் கூடவே பாடுவார். சுருதி எங்கோ போகும், அவர் எங்கோ போவார்.

"இதுக்கு உங்க லாரி ஹாரனே தேவலாம்" என்பாள் இவள்.

"அப்ப ஹாரனையே கட்டியிருக்கணும் லா" என்பார் அவர்.

தைப்பூசம் முடிந்த வாரம், எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு போன மச்சான், சிம்பாங் ரெங்கத்துக்கு அருகில் நெடுஞ்சாலை ஓரமாக லாரியை ஒழுங்காக நிறுத்தி, அபாய விளக்கைப் போட்டுவிட்டு, ஸ்டீரிங் மேல் தலை வைத்துச் செத்துப்போனார். மாரடைப்பு. பின்னால் வந்த ஒரு வண்டிக்கும் சிறு கீறல்கூட இல்லை. கண்ணாடியைத் தட்டிப் பார்த்த போலீஸ்காரர் என்னிடம் சொன்னார்: இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, ரேடியோவில் தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் அதை அப்படியே வீட்டில் வந்து சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. சாவு வீட்டில் எதையாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

உடல் வந்து இறங்கிய மதியம், இங்கேயும் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து ஓடியிருக்கிறது, யார் காதிலும் விழவில்லை. யாரோ ஒரு குழந்தைக்கு மூன்றாவது பிறந்தநாளாம், அத்தை மாமா சித்தி சித்தப்பா எல்லாரும் வாழ்த்துகிறார்களாம். மச்சானின் அம்மா, மகனின் காலைப் பிடித்தபடி, "அத யாராச்சும் நிறுத்துங்கய்யா" என்றார். நான் சுவிட்சைத் தேடவில்லை. வயரைப் பிடித்து ஒரே இழுப்பு. ப்ளக் சுவரில் அடித்துக்கொண்டு கீழே விழுந்தது. ஒரு கழுத்தைத் திருகிய மாதிரி இருந்தது எனக்கு. பிறகு ரேடியோவை ஒரு பழைய துண்டில் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன்.

பதினாறு நாள் வரைக்கும் டிவி, ரேடியோ போடாமல் இருப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். கருமாதி முடிந்தால் மெல்ல மெல்லச் சத்தம் திரும்பும். ஆனால் கருமாதி அன்று, மொட்டை அடித்த பங்காளிகள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது, மச்சானின் அம்மா எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "வருஷத் திதி குடுக்கற வரைக்கும் இந்த வீட்ல பாட்டுச் சத்தம் கேக்கக் கூடாது."

என் தங்கை தலையாட்டினாள். நானும் ஆட்டினேன். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த வீட்டில் இனி இந்த இரண்டு பெண்கள்தான். மகனைப் பறிகொடுத்தவர் கேட்பது வெறும் அமைதி. அதைக்கூடக் கொடுக்க முடியாதா?

கொடுத்தோம். அதுதான் நடந்தது.

அவள் சாப்பாட்டைக் குறைத்தாள், துக்கம் என்றோம். குளிப்பதற்கு இரண்டு நாள் ஆனது, துக்கம் என்றோம். கோயிலுக்கு வரவில்லை, கல்யாணத்துக்கு வரவில்லை, வாசலுக்கே வரவில்லை. வருஷம் திரும்பாதவள் எப்படி வருவாள் என்றோம். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் அவளைப் பார்த்துவிட்டு வெளியே செருப்பு மாட்டும்போது மெச்சினார்கள். "இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா? மூணாம் மாசமே சாயம் பூசிக்கிட்டு மால்ல நிக்குதுங்க. இதுல்ல பொண்டாட்டி." ஒரு நோய் துக்கத்தின் வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தது. நாங்கள் எல்லாரும் அதற்கு மரியாதை செய்துகொண்டிருந்தோம்.

நான் ஜொகூர் பாருவில் இருக்கிறேன். சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. எல்லைப் பாலத்தைத் தினமும் கடக்கிறவனுக்கு உடம்பு எப்போதும் வேறு எங்கோ போய்க்கொண்டே இருக்கும். உட்காரத் தெரியாது. எனக்குச் செவ்வாய்க்கிழமை ஓய்வு. மாதத்துக்கு ஒரு செவ்வாய் தங்காக்குக்கு ஓட்டுவேன். ஒரு மணி நேரம் இருப்பேன். வாங்கி வந்த பழங்களை மேசையில் வைப்பேன், போன முறை வாங்கி வந்தவை அழுகியிருந்தால் எடுத்து வெளியே போடுவேன், கிளம்புவேன்.

ஐந்தாவது மாதம் அப்படி ஒரு செவ்வாய். நான் இருக்கும்போதே ஒரு பெண் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். அவரைப் பல வருஷமாக எனக்குத் தெரியும், தங்கையின் பழைய வாடிக்கை. வந்த வேகத்திலேயே ஒரு பட்டு ரவிக்கையை எடுத்து மேசைமேல் விரித்தார்.

"என்னாக்கா இது? கல்யாணப் பொண்ணு கைய எங்க விடும்? மூட்ட தச்சுக் குடுத்திருக்கீங்க."

பார்த்தேன். கழுத்து சரியாக இருந்தது. ஓரம் மடித்த தையல் நூல் பிடித்தாற்போல நேராக ஓடியது. ஆனால் கை வைக்க வேண்டிய இரண்டு துளைகளும் இறுக்கி மூடித் தைக்கப்பட்டிருந்தன. நெருக்கமான, அழகான தையல். எந்தக் கையும் நுழைய முடியாத ரவிக்கை.

"ஐயோ அலமாக், நானே சிரிச்சிட்டேன்கா மொதல்ல" என்றார் அந்தப் பெண். சொல்லிக்கொண்டே என் தங்கையின் முகத்தைப் பார்த்தவர், சிரிப்பைப் பாதியில் விட்டுவிட்டார். பட்டை மெதுவாக மடித்தார். "பரவால்லக்கா. நான் பிரிச்சுக்கறேன்."

என் தங்கை அந்த ரவிக்கையைப் பார்த்த பார்வையில் வெட்கம் இல்லை, பதற்றம் இல்லை. "அப்படியே இருக்கட்டும்" என்றாள். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் விடுப்பு எடுத்துக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். ஒரு தாளில் கேள்விகள் இருந்தன. நான் வாசிக்க வாசிக்க, அவள் விரலால் கட்டங்களைத் தொட்டாள். டாக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். "எவ்வளவு நாளாக இப்படி?" என்று மலாயில் கேட்டார். தாளைப் பார்த்துக்கொண்டே ஐந்து மாதம் என்றேன்.

மனச்சோர்வு. மாத்திரைகள். அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு ஒரு கடிதம். முக்கால் மணி நேரப் பயணம். அங்கே மருந்தோடு கூட, செவ்வாய்தோறும் இசை சிகிச்சை என்றார்கள்.

நான் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டேன் என்றுதான் நினைக்கிறேன். மருந்துக்கடையில் போய் நேயர் விருப்பம் கேட்பதுபோல இருந்தது.

அந்தத் தெரபிஸ்ட் ஒரு மலாய்ப் பெண், முப்பது வயது இருக்கும். அறையில் ஒரு கீபோர்டு, சில கிலுகிலுப்பைகள், மடியில் வைத்துத் தட்டுகிற அகலமான ஒரு கைப்பறை. என் தங்கை கடைத்தெருவில் மலாயில் பேரம் பேசினால் யாராலும் ஜெயிக்க முடியாது. ஆனால் இப்போது அவளுக்கு மிச்சம் இருந்தது தமிழ் மட்டும், அதுவும் முனகல். அதனால் நான் நடுவில் உட்கார்ந்தேன். தங்கை சொல்வதை மலாயில், தெரபிஸ்ட் சொல்வதைத் தமிழில். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு குழாய்.

"காக்" என்று, அக்கா என்று, தெரபிஸ்ட் அவளைக் கூப்பிட்டாள். என்ன பாட்டுப் பிடிக்கும்? நான் முந்திக்கொண்டு ஒரு பட்டியல் சொன்னேன். துள்ளலான பாட்டு ஒன்றை என் கைப்பேசியிலேயே போட்டும் காட்டினேன். என் தங்கை இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டாள்.

"அபாங், அணைச்சிடுங்க" என்று, என்னை அண்ணன் என்று கூப்பிட்டுச் சொன்னாள் தெரபிஸ்ட். பிறகு நிதானமாக விளக்கினாள். சந்தோஷப் பாட்டைக் கொண்டுவந்து கொட்டக் கூடாது. முதலில் அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே இசை போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவருடைய வேகத்தில், அவருடைய இருட்டில். பிறகு, அவர் சம்மதித்தால், ஓர் அடி நகரலாம். சம்மதிக்காவிட்டால் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

சந்திப்பு அட்டையின் பின்பக்கத்தில் ஒரு மூளையை வரைந்தாள். காதிலிருந்து ஒரு கோடு. பிடித்த பாட்டில் பிடித்த இடம் வருவதற்குச் சற்று முன்னாலேயே, மூளையின் ஆழத்தில் ஒரு மூலை விழித்துக்கொள்ளுமாம். வரப்போகிறது, இதோ வரப்போகிறது என்று. அப்போது ஒரு சுரப்பு, டோபமின். அந்த எதிர்பார்ப்புதான் பாதி இன்பம். மனச்சோர்வில் காது கெடுவதில்லை, சத்தம் உள்ளே போகிறது, ஆனால் அந்த மூலை எழுந்திருப்பதில்லை. இன்னொரு பக்கம், சும்மா இருக்கும் நேரத்தில் தன்னைப் பற்றியே பேசிக்கொள்ளும் பகுதிகள் இருக்கின்றன. அவை மட்டும் ஓய்வதே இல்லை. ஒரே பேச்சு, திரும்பத் திரும்ப. தாளம் என்ன செய்யக்கூடும் என்றால், உடம்பை அசைக்கிற பகுதிகளைத் தட்டி எழுப்பி, மூளைக்கு வேறு ஒரு வேலை கொடுக்கக்கூடும். கொடுக்கக்கூடும் என்றுதான் சொன்னாள். எல்லாருக்கும் ஆகாது, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றும் சொன்னாள்.

இதை நான் எப்படித் தமிழில் சொல்வது? மெஷினுக்குப் போனேன். "மேல் நூல் ஓடுதும்மா. அடியில பாபின்ல நூல் இல்ல. ஊசி குத்துது, துணி நகருது, தையல் விழல."

என் தங்கை தலையை நிமிர்த்தினாள். ஐந்து மாதத்தில் முதல்முறையாக என்னைப் பார்த்தாள். "ஆமாண்ணே" என்றாள். "விழல."

தெரபிஸ்ட் பாட்டே பாடவில்லை அன்று. கைப்பறையை மடியில் வைத்து, என் தங்கை மூச்சு விடும் வேகத்தைப் பார்த்து, அதே வேகத்தில் உள்ளங்கையால் தட்டினாள். தும். நீண்ட இடைவெளி. தும். அரைமணி நேரம். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும்போல இருந்தது, எழுந்து போக வேண்டும்போல, காரை எடுக்க வேண்டும்போல. மூன்றாவது செவ்வாய், தாளம் இலேசாக வேகம் எடுத்தபோது, நாற்காலிக்குக் கீழே பார்த்தேன். என் தங்கையின் வலது பாதம். குதிகால் தரையில் ஊன்றியிருக்க, முன்பாதம் மட்டும் அழுந்தியது, விட்டது, அழுந்தியது. மெஷின் பெடலை அழுத்துகிற பாதம். முகம் கல்லாகத்தான் இருந்தது. பாதத்துக்கு மட்டும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

தெரபிஸ்ட்டும் பார்த்துவிட்டாள். தாளத்தை விடாமல், என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

வீட்டில் தினமும் இருபது நிமிடம் கேட்க வேண்டும் என்று ஒலிப்பதிவு கொடுத்தாள். பறை, அதன்மேல் ஒரு முனகல், பிறகு குழல். வார்த்தைகள் இல்லை. நான் காதில் மாட்டும் வயர் வாங்கிக் கொடுத்தேன். சத்தம் வெளியே கேட்காது, வாக்கும் கெடாது என்பது என் கணக்கு. இரண்டாம் நாளே மச்சானின் அம்மா பார்த்துவிட்டார். நான் அடுத்த முறை போனபோது வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"தம்பி, அவ காதுல என்ன கயிறு?"

"டாக்டர் குடுத்த மருந்து அத்தே."

"மருந்த காதுல ஊத்துவாங்களா?"

"சத்தம் மாதிரி அத்தே. தாளம். மூளைக்குப் போவும்."

"தாளம்னா பாட்டுதான? பாட்டு மருந்துன்னா அப்புறம் சுருட்டும் மருந்துதான், கள்ளும் மருந்துதான்." குரல் உடைந்தது. "என் பிள்ள சாம்பலாயி ஒரு வருஷம் ஆவல தம்பி. ஒரு வருஷம். அவ காதுக்குள்ள கச்சேரி நடக்குதா?"

நான் எதிர்த்துப் பேசியிருக்கலாம். அட்டையில் வரைந்த மூளையை எடுத்துக் காட்டியிருக்கலாம். எழுபது வயதைத் தாண்டியவர், ஒரே மகன். "இல்ல அத்தே, வேணாம்" என்று சொல்லி வயரைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இரண்டாவது முறையாக. அதற்குப் பிறகு செவ்வாய்களில், மருத்துவமனைக்குப் போகிற வழியில் காரில் மட்டும் போட்டுவிடுவேன். தினமும் இருபது நிமிடம் என்று சொன்ன மருந்தை அவள் வாரத்துக்கு ஒரு முறை சாப்பிட்டாள். தெரபிஸ்ட் கேட்டால், "கேட்கிறாள்" என்று மலாயில் சொன்னேன். குழாய் எப்போது அடைக்கத் தொடங்கியது என்று கேட்டால், அன்றுதான்.

தீபாவளி விளக்கில்லாமல் போனது. அடுத்த செவ்வாய், பறை நின்ற இடைவெளியில், என் தங்கை தானாகவே ஒரு முழு வாக்கியம் பேசினாள்.

"அவரு செத்தப்ப என்ன பாட்டு ஓடிச்சு?"

போலீஸ்காரர் சொன்னதை நான்தானே வந்து சொன்னேன். ஒன்பது மாதமாக அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இதை மொழிபெயர்த்தேன், ஒரு சொல் விடாமல். தெரபிஸ்ட் பறையின் தோலைத் தடவினாள். பாட்டும் பயமும் மூளையில் பக்கத்துப் பக்கத்து வீடு என்றாள். ஒரு பாட்டு ஒரு சாவோடு ஒட்டிக்கொண்டால், அந்தப் பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைக் கேட்டு வாழலாம். காக்குக்கு எந்தப் பாட்டு என்று தெரியாது. அதனால் எல்லாப் பாட்டும் அந்தப் பாட்டாகிவிட்டது.

திரும்பி வரும் வழியெல்லாம் மழை. அவள் ஜன்னலில் நெற்றியை வைத்திருந்தாள். நான் காரில் எதையும் போடவில்லை.

வருஷத் திதிக்கு இரண்டு வாரம் இருந்தது. தெரபிஸ்ட் உற்சாகமாக இருந்தாள். பாதம் இப்போது தவறாமல் அசைந்தது, ஒருமுறை விரல்களும். திதி முடிந்தால் வீட்டில் சத்தத் தடை இல்லை, இல்லையா? அன்றைக்கு என்று ஒரு பாட்டைக் காக்கே தேர்ந்தெடுக்கட்டும், நாம் சேர்ந்து பழகலாம் என்றாள். நான் தமிழில் சொன்னேன்.

என் தங்கை என்னைப் பார்த்துத் தெளிவாக, ஒரு முனகல் இல்லாமல் சொன்னாள். "அதுவரைக்கும்தாண்ணே இருப்பேன். அவருக்குத் திதி குடுத்துட்டு நானும் போயிடுவேன். பாட்டெல்லாம் வேணாம்னு சொல்லிடு."

தெரபிஸ்ட் என் வாயைப் பார்த்துக் காத்திருந்தாள்.

நான் மலாயில் சொன்னது இதுதான்: "களைப்பாக இருக்கிறதாம். அடுத்த வாரம் சொல்கிறாளாம்."

ஏன்? பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் வருகிறது, ஒன்றும் நிற்பதில்லை. அந்த மாடியின் கோடியில் கம்பிக் கதவு போட்ட வார்டு இருந்தது. அதைத் தாண்டித்தான் ஒவ்வொரு முறையும் போவோம். உள்ளே போட்டுவிடுவார்கள் என்று பயந்தேன். சொந்தக்காரர்கள் சொல்லப்போகும் 'பைத்தியம்' என்ற அந்த ஒரு வார்த்தைக்குப் பயந்தேன். புருஷன் செத்தவள் யார்தான் இப்படிச் சொல்லவில்லை என்றும் நினைத்தேன், கூடவே போயிடறேன் என்பது நம் சாவு வீடுகளில் எல்லாரும் அழுகிற அழுகைதானே. ஆனால் அவள் அழவில்லை. அதையும் கவனித்தேன். ஒரு வெளி மனுஷிக்கு முன்னால் என் தங்கையின் வாயிலிருந்து விழுந்ததை, தரையைத் தொடும் முன் பிடித்து மறைத்தேன். அதற்குப் பெயர் மானம் என்று அப்போது நினைத்தேன்.

அந்த வாரம் பாலத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றபோதெல்லாம் ஆயிரம் இஞ்சின்களும் ஒரே பேச்சைப் பேசின. அதுவரைக்கும்தாண்ணே.

செவ்வாய் காலை போனேன். வீடு பெருக்கியிருந்தது. அவள் குளித்துத் தலை வாரியிருந்தாள். மேசைமேல் ரவிக்கைகள், ஒன்பதோ பத்தோ, மாதக்கணக்கில் கிடந்தவை, எல்லாம் தைத்து முடித்து, மடித்து, ஒவ்வொன்றிலும் சொந்தக்காரியின் பெயர் எழுதிய சீட்டு குத்தியிருந்தது. ஒன்றை எடுத்து விரித்தேன். கைத்துளைகள் திறந்தேதான் இருந்தன.

"பாத்தியா தம்பி?" என்றார் மச்சானின் அம்மா, பல மாதங்களுக்குப் பிறகு முகம் மலர்ந்து. "வருஷம் திரும்பப் போவுது, தெளிஞ்சிட்டா. கத்தரிய கூட பக்கத்து வூட்டுப் பொண்ணுக்குக் குடுத்துட்டா, அது தையல் பழகுதாம்."

கத்தரிக்கோல். என் தங்கையின் துணிக் கத்தரியால் யாராவது காகிதம் வெட்டினாலே கையை உடைப்பாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்து வைத்திருந்தது.

மருத்துவமனையில் அவளைப் பார்த்ததும் தெரபிஸ்ட் முகத்திலும் அதே மலர்ச்சி. "காக், அழகா இருக்கீங்க!" பாதம் அன்று தாளத்தோடு பிசகாமல் அசைந்தது. அந்தப் பாதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு எழுந்து, தெரபிஸ்டை வெளியே வரச் சொன்னேன். நடைபாதையில், ஒரு தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில், போன வாரம் என் தங்கை சொன்னதைச் சொன்னேன்.

தெரபிஸ்ட் முகத்தில் வந்தது கோபம். அதை மறைக்க அவள் முயலவில்லை.

"அபாங், மூளையில எது எங்க இருக்குன்னு நான் உங்களுக்கு வரைஞ்சு காட்டினேன். நீங்க அவங்க வாயையே எனக்குக் குடுக்கல."

மலாயில் சொன்னாள். தமிழில்தான் எனக்குள் இருக்கிறது.

டாக்டர் வந்தார். நேரடியாக, மலாயில், மெதுவாக, என் தங்கையிடமே கேட்டார். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவள் பதில் சொல்லியிருக்கிறாள், நான் நடுவில் உட்கார்ந்து சொல்லிவந்த அதே மலாயில். அன்று மதியமே கம்பிக் கதவு போட்ட வார்டில் சேர்த்தார்கள். கதவருகே அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கத்தவில்லை. "இன்னும் ஒரு வாரந்தாண்ணே இருந்திச்சு" என்றாள். "அவருக்கு எள்ளுத் தண்ணி விட்டிருப்பேன்ல."

திதி அவள் இல்லாமல் நடந்தது. பங்காளி ஒருவர் பிண்டம் வைத்தார். மனைவி எங்கே என்று ஐயர் கேட்டார். மச்சானின் அம்மா என்னைப் பார்க்காமல், படையல் இலையைப் பார்த்துச் சொன்னார்: "புருஷனுக்கு ஒரு கை தண்ணி விடக்கூட விடலியே நீ."

எல்லாரும் போன பிறகு மத்தியானம் அவரே அலமாரியைத் திறந்து, துண்டில் சுற்றிய ரேடியோவை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "வருஷம் முடிஞ்சிது. போடு."

ப்ளக்கைச் செருகினேன். கொஞ்சம் இரைச்சல், பிறகு ஏதோ ஒரு பாட்டு, பாதியிலிருந்து. அவர் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்து, கழுத்தை முன்னால் நீட்டி, ஒவ்வொரு வரியாகக் கேட்டார். பிறகு மிகவும் சன்னமாக என்னிடம் கேட்டார்:

"தம்பி, இதுவா இருக்குமா? அவன் கேட்டது?"

வருஷம் முழுக்க அந்த வீட்டில் இரண்டு பெண்களும் ஒரே கேள்வியைத் தனித்தனி அறையில் வைத்துப் பூட்டியிருந்திருக்கிறார்கள். ஒருவர் அதனால் பாட்டைத் தடுத்தார். ஒருத்தி அதனால் செத்துக்கொண்டிருந்தாள். நடுவில் நான், இரண்டு மொழி தெரிந்தவன்.

தெரியாது அத்தே என்றேன். அணைக்கச் சொன்னார். அணைத்தேன்.

ஐந்து வாரம் வார்டில் இருந்தாள். மாத்திரையை மாற்றினார்கள், அளவைக் கூட்டினார்கள். தெரபிஸ்ட் பறையோடு வார்டுக்கே போனாள், இப்போது குழாய் இல்லாமல். எது அவளைப் பிடித்து நிறுத்தியது என்று ஒருநாள் கேட்டேன். தாளமா, மாத்திரையா, பூட்டிய கதவா? பிரித்துச் சொல்ல முடியாது என்றாள். பிரித்துச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள் என்றாள். பாதத்திலிருந்து ஒரு நூல் கிடைத்தது, மற்றவர்களும் சேர்ந்து இழுத்தார்கள், அவ்வளவுதான். நூல் மறுபடி அறுந்துபோகலாம் என்பதையும் சொல்லாமல் விடவில்லை.

இப்போது என் தங்கை வீட்டில் இருக்கிறாள். தைக்கிறாள், நாளுக்கு ஒன்று, சில நாள் அதுவும் இல்லை. தினமும் இருபது நிமிடம் கேட்கிறாள். மச்சானின் அம்மாதான் கடிகாரம் பார்த்துச் சொல்கிறாராம். அவரிடம் பேசுகிறாள், வாடிக்கைப் பெண்களிடம் பேசுகிறாள், தெரபிஸ்டிடம் மலாயில் பேசுகிறாள். என்னிடம் பேசுவதில்லை. திதியைத் திருடியவன் நான். அவளுக்கு அது உயிரைவிடப் பெரியது, அதைத் திருடியதால்தான் அவள் இன்று இருக்கிறாள் என்பதை அவளிடம் எந்த மொழியிலும் என்னால் சொல்ல முடியாது.

செவ்வாய்தோறும் போகிறேன். காரைச் சந்து முனையிலேயே விட்டுவிட்டு நடக்கிறேன். கேட்டருகே வரும்போது ரேடியோ கேட்கும். சாலை நெரிசல், பிறந்தநாள் வாழ்த்து, ஒரு பாட்டு. அதன் கீழே மெஷின், விட்டு விட்டு. கேட்டின் கொண்டியைத் தூக்கினால் சத்தம் போடும். தூக்கியதும் மெஷின் நிற்கும், அவள் எழுந்து போய் ரேடியோவை அணைப்பாள், நான் கிளம்பும் வரைக்கும் வீடு அந்த வருஷத்துக்குள் திரும்பிப் போய்விடும்.

அதனால் கொண்டியில் கையை வைத்தபடி வெளியிலேயே நிற்கிறேன். உட்காரத் தெரியாத எனக்கு நிற்க வருகிறது. போன வாரம் பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் முடிந்தது. எதிர்வீட்டு ஆள் கார் கழுவிக்கொண்டே, "என்ன அண்ணே, பூட்டியிருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றேன். "தங்கச்சி தச்சுக்கிட்டிருக்கு."